மாநாடு, கருவி, சான்றிதழ், கூட இருந்து கற்றல்: ஓர் ஆண்டுச் சேமிப்பை எதில் போடுவது?

இந்தத் தை மாதத்திலிருந்து மூன்று உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் தனித்தனியாக வந்து என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் தேவகோட்டையில் ஒரு ஜிம்மில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் 24 வயது இளைஞர். சான்றிதழ் எதுவும் இல்லை. இன்னொருவர் காரைக்குடியில் பெண்களுக்கு மட்டும் காலை வகுப்பு நடத்துபவர். அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். மூன்றாமவர் கோட்டையூர்ப் பக்கம் சொந்தமாக ஜிம் வைத்திருக்கிறார். ஆண்டில் பாதி நாள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வாடிக்கையாளர்கள் அவருக்கு உண்டு. மூவர் கையிலும் ஐம்பதாயிரத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் இடைப்பட்ட சேமிப்பு இருந்தது. அதைத் துறை மாநாட்டுக்குச் செலவிடுவதா, புதிய கருவி வாங்குவதா, சான்றிதழ்ப் படிப்பில் சேர்வதா என்பதே கேள்வி. நான்காவதாக ஒரு வழியை நான் சேர்த்தேன்: அனுபவமுள்ள ஒருவரிடம் சில வாரங்கள் கூட இருந்து கற்பது. அதற்கு விளம்பரம் கிடையாது என்பதால் அது யார் நினைவுக்கும் முதலில் வருவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் முழுச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் நின்றுபோகும் வகுப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 12 பேருக்குத் தனிப்பயிற்சி அளித்து ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 24 நாள் வேலை என்றால் அவருடைய ஒரு நாள் 1,500 ரூபாய். நான்கு நாள் ஊரில் இல்லாவிட்டால் 6,000 ரூபாய் போகிறது, அல்லது பிறகு ஈடுகட்டும் வகுப்புகளாக அது அவர் தலையில் ஏறுகிறது. அந்த நான்கு நாளில் ஒழுங்கு விட்டுப்போய் அடுத்த மாதம் பணம் கட்டாமல் நின்றுவிடும் ஒருவரும் செலவுதான்.

இரண்டாவது, ஊர் திரும்பிய மறுநாள் காலை ஐந்தரை மணி வகுப்பில் என்ன மாறும் என்பது. மூன்றாவது, கற்றதோ வாங்கியதோ எத்தனை ஆண்டு நிற்கும் என்பது. நான்காவது, நம் ஊரில் நம்மிடம் வருகிறவர்களுக்கு அது பொருந்துமா என்பது. எனக்கு இந்த நான்காவதே முதன்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. செட்டிநாட்டில் காலை வகுப்புக்கு வருகிற பத்துப் பேரிடம் காலையில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று பதில் வரும். மேடையில் காட்டப்படும் பயிற்சிகளில் பெரும்பகுதி இவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதன்று.

## முதல் வழி: மாநாடும் கண்காட்சியும்

உலக அளவில் இத்துறையின் பெரிய கண்காட்சி ஜெர்மனியின் கொலோன் நகரில் ஏப்ரல் மாதத்தில் நடக்கும் ஃபிபோ. 1985-இல் தொடங்கியது. அங்கே போவது பலருக்குக் கனவு; அதில் தவறில்லை. ஆனால் ஷெங்கன் விசாக் கட்டணம் மட்டும் 90 யூரோ, விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. விமானம், தங்குமிடம் என்று சேர்த்தால் இந்தச் சேமிப்புக்குள் அடங்கவே அடங்காது. தவிர, பள்ளி விடுமுறை தொடங்கிப் புதியவர்கள் வந்து சேரும் சித்திரையில் ஜிம்மைப் பூட்டிவிட்டுப் போகும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு மாநாடு என்றால் மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னை என்றே பொருள்கொள்ள வேண்டும். சென்னைக்குக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பேருந்தில் போய் விமானம் ஏற வேண்டும். இரண்டு நாள் நிகழ்ச்சி அங்கேயே நான்கு நாளாகிவிடும்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் அப்படி ஒன்றுக்குப் போனேன். மூன்று அரங்குகளில் ஒரே நேரத்தில் வகுப்புகள் நடந்தன. நான் கேட்க விரும்பிய இரண்டும் ஒரே மணியில் வந்தன. வெளியே கண்காட்சிக் கூடத்தில் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. இரண்டு நாளில் மூன்று பை நிறைய மாதிரிப் புரதப் பொட்டலங்களும் துண்டறிக்கைகளும் சேர்ந்தன. எனக்குப் பயன்பட்டதோ தேநீர் வரிசையில் நடந்த கால் மணி நேரப் பேச்சு. என்னைவிட இருபது ஆண்டு மூத்த மராட்டியப் பயிற்றுநர் ஒருவர், ரத்த அழுத்தம் உள்ளவர்களை எடை தூக்கவைக்கும்போது அவர்கள் மூச்சை அடக்குகிறார்களா என்பதைத் தாம் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கண்டுபிடிப்பதாகச் சொன்னார். தூக்கும்போது எண்ணிக்கையை அவர்களையே வாய்விட்டுச் சொல்லச் சொல்வாராம். சத்தம் நின்றால் மூச்சு நின்றது. மூச்சை அடக்கி அழுத்தும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பது நான் படித்ததுதான். அதைத் தடுக்க ஒரு காசு செலவில்லாத வழி அந்த வரிசையில்தான் கிடைத்தது. அதுமுதல் என் வகுப்பில் எல்லோரும் சத்தமாக எண்ணுகிறார்கள். தெருவில் போகிறவர்கள் பாடசாலை என்று நினைத்துக்கொள்வது தனிக் கதை.

மாநாட்டின் மறைமுகச் செலவு பணத்தில் முடிவதில்லை. அரங்கச் செலவைப் பெரும்பாலும் கருவி நிறுவனங்களும் சத்துமாவு நிறுவனங்களும் ஏற்கின்றன. ஆகவே எது புதியது என்பதற்கும் எது விற்க வேண்டியது என்பதற்கும் அங்கே இடைவெளி குறைவு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2006 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் போக்குகள் பட்டியலில், உடலில் அணியும் கருவிகள் 2016-இல் முதலிடம் பிடித்துப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் அங்கேயே நிற்கின்றன. அந்தப் பட்டியல் துறையில் இருப்பவர்களின் கணிப்பைத் தொகுத்தது. எது அதிகம் பேசப்படும் என்று அது சொல்கிறது. கோட்டையூரில் எது பயன்படும் என்று சொல்வது அதன் வேலையன்று.

இன்னொன்று, சான்றிதழைப் புதுப்பிக்க உதவும் ‘தொடர்கல்விப் புள்ளி உண்டு’ என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும், உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்பு அந்த நிகழ்ச்சியை ஏற்றிருந்தால்தான் புள்ளி கணக்கில் சேரும். பணம் கட்டும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாநாடு சிறந்த தேர்வாகும் இடங்கள் இரண்டு: கையில் தெளிவான கேள்விகளோடு போகும் அனுபவசாலிக்கும், பெரிய கருவி வாங்கப்போவதால் நான்கு நிறுவனங்களின் பொருளை ஒரே நாளில் ஏறிப் பார்த்து விலை பேச வேண்டியவருக்கும். பார்வையாளராகச் சும்மா போகிறவருக்கு அது திருவிழா. திருவிழாவுக்குப் போகலாம், அதைக் கல்விச் செலவில் எழுதக் கூடாது.

## இரண்டாவது வழி: புதிய கருவிகள்

கருவிகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் அதிகம் பணம் விட்டது இதில்தான்.

உடலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். பாதத்திலும் கையிலும் உலோகத் தகடு படும்படி நிற்க வேண்டும். மிக மெல்லிய மின்சாரம் உடலுக்குள் ஓடும். நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தடையை வைத்து இயந்திரம் கொழுப்பைக் கணக்கிடுகிறது. ஆகவே அது அளப்பது தடையை மட்டுமே, கொழுப்பு அதிலிருந்து போட்ட மதிப்பீடு. சாப்பிட்டது, குடித்தது, வியர்த்தது, தோலின் சூடு எல்லாம் அந்தத் தடையை மாற்றும். இதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் ஏறியபோது 29.1 காட்டியது. அன்று மாலை பயிற்சி முடிந்து வியர்வையோடு மறுபடி ஏறினார், 26.8. கடைப்பையன்கள் வரைக்கும் சொல்லி மகிழ்ந்துவிட்டார். மறுநாள் காலை 29.0. “ஒரே ராத்திரியில ரெண்டு கிலோ கொழுப்பு ஏறிருச்சா, மாஸ்டர்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை அவர் நம்பும்படி சொல்லும் தகுதியை அந்த இயந்திரமே என்னிடமிருந்து பறித்திருந்தது. பிறகு விதி வைத்தேன்: காலை, வெறும் வயிறு, பயிற்சிக்கு முன், மாதம் ஒரு முறை மட்டும். பதினான்காம் மாதம் கைப்பிடிக் கம்பி பழுதானது. உத்தரவாதம் 12 மாதம். பழுது பார்ப்பவர் சென்னையிலிருந்து வர வேண்டும், பயணச் செலவு நம்முடையது என்றார்கள். இப்போது அது ஒரு மூலையில் துண்டு காயப்போடப் பயன்படுகிறது.

இதய துடிப்புக் கருவியிலும் இதே பாடம் உண்டு. கைக்கடிகார வகை, தோலுக்குள் ஒளியைச் செலுத்தித் துடிப்பை எண்ணுகிறது. டம்பெல்லை இறுகப் பிடித்து மணிக்கட்டை வளைக்கும்போது தடுமாறும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்குறியையே வாங்குவதால் நம்பகமானது. ஆனால் எண் சரியாக வந்துவிட்டால் போதுமா? அதிகபட்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்துக் கண்டுபிடிப்பது பழைய வழக்கம்; 2001-இல் வந்த தனாக்கா சூத்திரம் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கிறது. 60 வயதுக்காரருக்கு முதலாவது 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. இரண்டுக்கும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு அளவில் வேறுபாடு இயல்பு. ரத்த அழுத்தத்துக்குப் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவருக்கோ துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. மூச்சிரைக்க நிற்பார், கடிகாரம் 105 என்று அமைதியாகக் காட்டும். அங்கே, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை அவரையே எண்ணால் சொல்லவைக்கும், போர்க் என்பவர் வகுத்த 6 முதல் 20 வரையிலான உணர்வு அளவையும், ‘பேச முடிகிறதா, பாட முடிகிறதா’ என்ற எளிய சோதனையுமே காப்பாற்றும்.

செயலிகளின் கணக்கு வேறு. முதல் மாதம் இலவசம். பிறகு சந்தா, பெரும்பாலும் டாலரில். இங்கே வாடிக்கையாளர்கள் வாட்ஸாப்பை விட்டு வேறொன்றைத் திறக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளரின் படம், எடை, நோய் விவரம் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காரும்போது, 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஒப்புதல் வாங்கும் பொறுப்பை உங்கள் மீதும் வைக்கிறது. ‘முன்பு - பின்பு’ படங்களைக் கேட்காமல் போடும் நம் பழக்கத்தை விட வேண்டிய காலம் இது.

அப்படியானால் எந்தக் கருவியும் வேண்டாமா? வேண்டும். தையல்காரர் நாடா ஒன்று: இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. கையில் கட்டும் ரத்த அழுத்தமானி ஒன்று. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இவை மூன்றும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

பெரிய கருவிச் செலவு நியாயமாகும் இடம், கோட்டையூர்க்காரரைப் போல வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் காணொளி வழிப் பயிற்சி நடத்துபவருக்கு. நல்ல கேமரா, ஒலிவாங்கி, முக்காலி, நிலையான இணைப்பு, அங்கிருப்பவருக்கு ஒரு மார்புப் பட்டை ஆகியவை அவருக்குக் கடைக்கு வாடகை கொடுப்பதைப் போன்ற தொழில் முதல். கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த மாதம் மட்டும் வாடிக்கையாளராக இருந்தவர் ஆண்டு முழுதும் வாடிக்கையாளராகிறார்.

## மூன்றாவது வழி: சான்றிதழ்

அமெரிக்க உடற்பயிற்சிக் குழுமம், அதாவது ஏ.சி.இ., 1985-இல் தோன்றியது, தேசிய வலிமை, உடற்திறன் பயிற்சிச் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பான என்.எஸ்.சி.ஏ. 1978-இல். இரண்டின் சான்றிதழும் உலகளவில் மதிப்புடையவை. ஏ.சி.இ. பயிற்றுநர் தேர்வுக்கு 18 வயதும் உயிர்காப்பு முதலுதவிச் சான்றும் வேண்டும். என்.எஸ்.சி.ஏ.வின் சி.எஸ்.சி.எஸ். என்ற வலிமைப் பயிற்சி வல்லுநர் தேர்வுக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயம். பட்டம் முடிக்காதவர் பணம் கட்டும் முன் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கென்று தனித் திறன் மன்றமும் உள்ளது. முழுநேரமாகப் படிக்க இயலுமானால் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அதன் மதிப்பை உள்ளூரில் இருப்பதாலேயே நாம் குறைத்துப் பார்க்கிறோம்.

மறைமுகச் செலவு புதுப்பித்தலில் இருக்கிறது. ஏ.சி.இ. சான்றை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 20 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும்; என்.எஸ்.சி.ஏ.வில் மூன்று ஆண்டுச் சுழற்சி. பாடநூல் ஆங்கிலத்தில், கனமானது. மாலை வகுப்பு முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்காரும் ஒருவருக்கு ஆறு மாதமாவது பிடிக்கும். பணம் கட்டித் தேர்வு எழுதாமலே விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

ஆனாலும் இந்த வழியில் ஒரு பகுதியை யாருக்கும் தயக்கமின்றிச் சொல்வேன்: உயிர்காப்பு முதலுதவி. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த 5 செ.மீ. எவ்வளவு பலம் கேட்கிறது என்பது பொம்மையின் மேல் முழங்கால் போட்டு இரண்டு நிமிடம் அழுத்தும்போதுதான் புரியும். எனக்கு ஒன்றரை நிமிடத்திலேயே கை தளர்ந்தது. நூறு கிலோ தூக்குகிறவன் என்ற பெருமை அன்று அங்கேயே போயிற்று.

## நான்காவது வழி: கூட இருந்து கற்றல்

மதுரையில் ஒரு பிசியோதெரபி மையத்தில் மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார்த்தேன். பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும்தான் செலவு. வகுப்புகளைக் காலை எட்டரைக்குள் முடித்துவிட்டுப் போய் மாலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். கற்றது எதற்கும் காகிதம் கிடைக்காது. நோயாளியைத் தொடக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. இந்தத் துறையில் பத்து ஆண்டு மாஸ்டர் என்று கூப்பிடப்பட்டவருக்கு ஓரமாக நிற்பது அவ்வளவு எளிதன்று. இந்த வழியின் மறைமுகச் செலவு அதுதான்.

அங்கேதான் நாற்காலிச் சோதனையைப் பார்த்தேன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுள்ள பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல். ஊர் திரும்பிய மறுநாளே 62 வயது ஆச்சி ஒருவரிடம் இதைச் செய்தேன். வளவில் ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும் என்பதால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். ஏழாவது முறை எழும்போது அவர் கை தானாகவே கட்டிலிருந்து விடுபட்டுத் தொடையை ஊன்றியது. “இதுக்கு முன்னாடி ஊனுறேன்னே எனக்குத் தெரியலயே, மாஸ்டர்” என்றார். கொழுப்புச் சதவீதம் எதுவும் அவரை இப்படி யோசிக்க வைத்ததில்லை. நான்கு மாதத்தில் 13-க்கு வந்தார். இப்போது முகப்புப் படியில் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறுகிறார், தொட்டுக்கொண்டே ஏறுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை இறங்கும்போது என்ன செய்வது என்பதையும் அங்கேயே பார்த்தேன். 70-க்குக் கீழே என்றால் பயிற்சியை நிறுத்தி 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. மருந்தை மாற்றச் சொல்வது நம் வேலையில்லை என்பதையும் அங்கேதான் உறைக்கக் கற்றேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மாநாடு | கருவி | சான்றிதழ் | கூட இருந்து கற்றல் |
|---|---|---|---|---|
| வெளிப்படைச் செலவு | அதிகம் | குறைவிலிருந்து மிக அதிகம் வரை | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | நின்றுபோன வகுப்புகள், பயணம் | பழுது, சந்தா, தரவுப் பொறுப்பு | புதுப்பித்தல், இரவுப் படிப்பு | தன்மானம், காகிதம் இல்லாமை |
| மறுநாள் வகுப்பில் பயன் | கேள்வியோடு போனால் உண்டு | உடனே, சரியாக அளந்தால் | மெல்ல வரும் | உடனே |
| நிற்கும் காலம் | தொடர்புகள் நிற்கும், செய்திகள் நிற்பதில்லை | சில ஆண்டு | புதுப்பிக்கும் வரை | நெடுங்காலம் |
| நம் ஊர் வாடிக்கையாளருக்கு | குறைவு | கருவியைப் பொறுத்தது | அடித்தளமாக | மிகுதி |

## மூவருக்கும் சொன்னது

தேவகோட்டை இளைஞருக்குச் சான்றிதழ் என்று சொன்னேன், அதுவும் முதலுதவியிலிருந்து தொடங்கி. அவர் நாளை சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போக விரும்புகிறவர். வாசலில் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான். கைக்கடிகாரத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசையை ஓராண்டு தள்ளிவைக்கச் சொன்னேன். முகம் வாடியது, ஆனால் ஒத்துக்கொண்டார்.

கோட்டையூர்க்காரருக்குக் காணொளிக் கருவிகள், மிச்சம் இருந்தால் மாநாடு. ஜிம்முக்கு இரண்டு டிரெட்மில் மாற்ற வேண்டிய ஆண்டு இது என்பதால் அவர் அங்கே போவதில் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாலிலும் பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள், விலையை இரண்டாவதாகக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பெண்கள் வகுப்பு நடத்துபவர்தான் அதிகம் யோசிக்க வைத்தார். அவர் ஒரு மாநாட்டுக்கு முன்பணம் கட்டியே வந்திருந்தார். அங்கே போய்க் கேட்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: முழங்கால் தேய்ந்தவருக்குப் படி ஏறும் பயிற்சி எந்த உயரத்தில் தொடங்குவது, இன்சுலின் போட்டுக்கொண்டு விடியலில் வருகிறவர் என்ன சாப்பிட்டு வர வேண்டும், கர்ப்பப்பை எடுத்தவருக்கு வயிற்றுப் பயிற்சி எப்போது. மூன்றையும் படித்துவிட்டு, இவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் மேடையில் இருப்பார்களா, மதுரையில் இருப்பார்களா என்று அவரே கேட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. இப்போது செவ்வாயும் வியாழனும் மதுரைப் பேருந்தில் போய்வருகிறார். போன வாரம் என்னிடமிருந்து அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலியை வாங்கிப் போனார், இன்னும் திரும்பத் தரவில்லை.